ஆஸ்பத்திரி மாடியில் முடியும் யாத்திரை

அமெரிக்கத் தென் மாநிலச் சிறுகதைகளில் மதக் குறியீடு தேடுவது சுலபமான வேலை. யூடோரா வெல்டியின் ‘எ வோர்ன் பாத்’ கதையை எடுத்துக்கொண்டால் பட்டியல் தானாகவே நீளும். நாயகியின் பெயர் ஃபீனிக்ஸ். ஆக, சாம்பலிலிருந்து எழும் பறவை, உயிர்த்தெழுதல். வழியில் முள்செடி, ஆக, முள்முடி. கறுப்பு நாய் ஒன்று அவளைப் பள்ளத்தில் விழவைக்கிறது; ஆக, சாத்தான். நடப்பதோ கிறிஸ்துமஸ் சமயம். இவ்வளவையும் எழுதினால் மாணவருக்கு மார்க் கிடைத்துவிடும். எதுவும் தப்பில்லை. ஆனால் கிழவி கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறாள் என்பதை இந்தப் பட்டியல் விட்டுவிடுகிறது. இலவச மருந்து தரும் ஒரு டாக்டர் ஆபீஸ்தான் அவளுடைய புண்ணிய ஸ்தலம்.

கதை 1941 பிப்ரவரியில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வந்தது. டிசம்பர் மாதத்து உறைபனிக் காலையில், மிசிசிப்பி மாநிலத்துப் பைன் காட்டு வழியாக ஒரு கறுப்பினக் கிழவி நடந்து வருகிறாள். தலையில் சிவப்புத் துணிக்கட்டு. சர்க்கரைச் சாக்கை வெளுத்துத் தைத்த மேலங்கி. குடைக்கம்பில் செய்த மெல்லிய கைத்தடி. ஷூ லேஸ் அவிழ்ந்து தொங்குகிறது, குனிந்து கட்ட உடம்பு வளையாது. மேடு ஏறுகிறாள், பாவாடை முள்ளில் மாட்டுகிறது, முள்கம்பி வேலிக்கு அடியில் குழந்தைபோல் தவழ்கிறாள், சோளக்கொல்லைப் பொம்மையைப் பேய் என்று நினைத்துப் பயந்து, பிறகு அதனோடு ஒரு ஆட்டமும் போடுகிறாள். எதற்காக இந்தப் பாடு என்று கதை முக்கால்வாசி தாண்டும்வரை சொல்வதில்லை. பிறகு ஒரு நர்ஸ் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது: பேரன் லை என்கிற காரத்தை விழுங்கிவிட்டான், இரண்டு மூன்று வருஷம் ஆகிறது, தொண்டை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, அதற்கு மருந்து வாங்க வருகிறாள்.

குறியீடுகளை வெல்டி தெரியாமல் வைத்துவிடவில்லை. ஃபீனிக்ஸ் பறவையின் இறகு பாதி சிவப்பு, பாதி பொன்னிறம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கிழவியின் தலையில் சிவப்பு; கருத்த தோலுக்கு அடியில் பொன்னிறம் ஓடுகிறது, கன்ன எலும்பில் மஞ்சள் தணல் தெரிகிறது. அந்தப் பறவையை உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாகச் சொல்வதும் பழைய வழக்கம்தான். முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரி சபையிலிருந்து கொரிந்துக்குப் போன கிளெமெந்தின் நிருபத்திலேயே அது இருக்கிறது. ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தின் மேல் நடக்கும் இடமும் அப்படித்தான். ‘இதோ வருகிறது சோதனை’ என்கிறாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, தடியை முன்னால் நீட்டியபடி, திருவிழா ஊர்வலத்தில் வரும் உருவம்போல நடந்து அக்கரை சேர்கிறாள். ‘நாம் தரிசித்து நடவாமல், விசுவாசித்து நடக்கிறோம்’ என்று பவுல் எழுதியதை அறிந்தவர்களுக்கு இங்கே விளக்கம் தேவையில்லை.

கதையின் எலும்புக்கூடு ஜான் பனியனுடையது. 1678இல் வந்த மோட்சப் பிரயாணத்தில் யாத்திரிகன் சேற்றில் விழுகிறான், மலை ஏறுகிறான், பயமுறுத்தும் மிருகங்களைத் தாண்டுகிறான், பளபளக்கும் பரம நகரத்தை அடைகிறான். தமிழுக்கு இது அந்நியமான சரக்கல்ல, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத்தான் 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். வெல்டி அதே வழியை எடுத்து, பரம நகரத்தின் இடத்தில் நாட்செஸ் என்ற பருத்தி வியாபார ஊரை வைக்கிறார். ஃபீனிக்ஸ் ஊரை நெருங்கும்போது நாட்செஸ் மின்னுகிறது, மணிகள் ஒலிக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் மின்னுவது சிவப்பும் பச்சையுமாகப் பட்டப்பகலில் எரியும் கிறிஸ்துமஸ் பல்பு.

இந்தக் கிண்டல் லேசானது. அதற்குக் கீழே அந்தப் பாதையின் வரலாறு கிடக்கிறது.

நாட்செஸ் டிரேஸ் என்பது நாட்செஸிலிருந்து டென்னசி மாநிலத்து நாஷ்வில் வரை சுமார் 700 கிலோமீட்டர் நீளும் பழைய காட்டுத்தடம். முதலில் விலங்குகள், பிறகு சாக்டா, சிக்கசா பழங்குடிகள், பிறகு மிசிசிப்பி ஆற்றில் படகில் சரக்கு இறக்கிவிட்டு வடக்கே நடந்து திரும்பிய படகோட்டிகள் என்று பல கால்கள் அதை ஆழமாக்கின. எதிர்த் திசையில், வடக்கிலிருந்து தெற்கே, சங்கிலியால் பிணைத்து நடத்திக் கூட்டிவரப்பட்ட அடிமைகளின் கால்களும் அதில் உண்டு. நாட்செஸ் ஊர் எல்லையில் இருந்த ‘ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்’ ஆழ்தெற்கின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863இல் வடக்குப் படை ஊரைப் பிடித்த பிறகுதான் அது இடிக்கப்பட்டது. கதையில் இந்தச் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடு ஏறும்போது மட்டும் ஃபீனிக்ஸ் சொல்கிறாள், காலில் சங்கிலி மாட்டியிருப்பதுபோல இருக்கிறது என்று. வயதானவர்கள் மூட்டுவலியைச் சொல்லும் சாதாரணப் பேச்சாகவே அதைப் படித்துவிட்டுப் போகலாம். அந்தத் தடத்தில் அப்படிப் படிக்க எனக்கு முடியவில்லை.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தென் மாநிலங்கள் பலவும் சட்டம் போட்டுத் தடுத்தன. ஆகவே வேதாகமம் அவர்களுக்குக் காது வழியாகவும் பாட்டு வழியாகவும் வந்தது. மோசே, செங்கடல், யாக்கோபின் ஏணி, யோர்தான் ஆறு என்று அவர்கள் பிடித்துக்கொண்டவை எல்லாமே நடையும் கடத்தலும் ஏற்றமும்தான். ஃபீனிக்ஸ் பேசுவது இந்த வேதாகமம். முள்செடியிடம் கோபப்படாமல், ‘உனக்கு விதித்த வேலையை நீ செய்கிறாய்’ என்கிறாள். அந்த வாக்கியத்தில் பிரசங்கத்தின் தொனி இருக்கிறது, முள்ளை எடுக்கும் விரல் நடுக்கமும் இருக்கிறது.

இவளை அப்படியே புனிதவதியாக்கிச் சுவரில் மாட்டிவிடலாமா என்றால், வெல்டி விடுவதில்லை. பள்ளத்தில் விழுந்து கிடப்பவளை ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரன் தூக்கிவிடுகிறான். நல்லவன்தான், தன் வரையில். ‘கறுப்புக் கிழடுகளை எனக்குத் தெரியாதா, சாண்டா கிளாஸைப் பார்க்க ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள்’ என்று சிரிக்கிறான். அப்போது அவன் பையிலிருந்து ஐந்து சென்ட் நாணயம் ஒன்று தரையில் விழுகிறது. அவன் கவனிக்கவில்லை, அவள் கவனித்துவிட்டாள். கறுப்பு நாயைக் காட்டி, அது யாருக்கும் அஞ்சாது என்று அவனை உசுப்பிவிடுகிறாள். அவன் தன் நாயோடு அதை விரட்டிக்கொண்டு ஓடுகிறான். அவள் முதுகு மெல்ல மெல்லக் குனிகிறது. அடைகாக்கும் கோழிக்கு அடியிலிருந்து முட்டையை எடுக்கும் பதத்தோடு விரல்கள் நாணயத்துக்கு அடியில் நுழைகின்றன என்று வெல்டி எழுதுகிறார். நிமிரும்போது தலைக்கு மேல் ஒரு பறவை பறக்கிறது. ‘கடவுள் முழு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருடவும் துணிந்துவிட்டேன்.’

குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத முதுகு இங்கே மட்டும் குனிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த வேட்டைக்காரன் விளையாட்டாகத் துப்பாக்கியை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டுகிறான். பயமில்லையா என்று கேட்கிறான். இல்லை ஐயா, என் காலத்தில் இதைவிடக் கிட்டத்தில் வெடித்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் நான் செய்ததைவிடச் சின்னக் காரியத்துக்கு என்கிறாள். அவனுக்கு அது புரியாது. காசு இருந்தால் பத்து சென்ட் கொடுத்திருப்பேன் என்று வேறு சொல்கிறான். குற்ற உணர்ச்சி, துணிவு, ஒரு முழு வரலாறு எல்லாம் அந்தப் பதிலில் இருக்கின்றன. கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். முள்ளும் பறவையும் இல்லாவிட்டாலும் கதை நிற்கும். இந்த ஐந்து சென்ட் இல்லாவிட்டால் நிற்காது.

ஊருக்குள் வந்ததும் அவள் செய்யும் முதல் காரியம், பரிசுப் பொட்டலங்களோடு போகும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நிறுத்தி ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்வது. காட்டுப்புறத்தில் எப்படியும் போகலாம், பெரிய கட்டிடத்துக்குள் போகும்போது நன்றாக இருக்காது என்கிறாள். 1940களின் மிசிசிப்பியில் ஒரு கறுப்புக் கிழவியின் காலடியில் வெள்ளைக்காரி உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறாள். பாதம் கழுவிய பெரிய வியாழன் சடங்கு நினைவுக்கு வந்தால் வரட்டும்; கேட்டு வாங்கியவள் ஃபீனிக்ஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படிகள் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன. எந்தக் கதவு என்று கால்களே கண்டுபிடிக்கின்றன. சுவரில் பொன்முத்திரை பதித்த பத்திரம் ஒன்று தங்கச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவள் மனசுக்குள் தொங்கிய கனவும் அதுவும் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவள் கேட்கும் முதல் கேள்வி, தர்மக் கேஸ்தானே என்பது. நர்ஸ் வந்து, நேரத்தை வீணாக்காதே, பேரன் எப்படி இருக்கிறான், செத்துப்போய்விடவில்லையே என்கிறாள். ஃபீனிக்ஸுக்கோ எதற்கு வந்தோம் என்பதே அந்த நிமிஷத்தில் மறந்துபோய்விட்டது. ஞாபகம் திரும்பியதும் காரணம் சொல்கிறாள்: ‘நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சரணடைந்த காலத்திலேயே எனக்கு வயதாகிவிட்டிருந்தது.’ தெற்கின் படைத்தலைவர் லீ, அப்போமேட்டக்ஸில் சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. விடுதலை வந்தபோதே பள்ளி வயது தாண்டியவள் என்றால், கதை நடக்கும்போது அவளுக்குத் தொண்ணூறு சொச்சம் இருக்கலாம்.

விமர்சகர்கள் அதிகம் நிற்காத இடம் அந்த லை. வீட்டில் சோப்புக் காய்ச்சவும் தரை தேய்க்கவும் வைத்திருந்த கடுங்காரம் அது. விழுங்கினால் உணவுக்குழல் வெந்து, ஆறும்போது தழும்பு சுருங்கி, வழி அடைபடும். குழந்தைகளுக்கு இது நேர்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிலடெல்ஃபியா தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், இந்தப் பொருள்களின் மேல் விஷம் என்று அச்சிட வேண்டும் எனப் பல வருஷம் போராடினார். 1927இல் அதற்கான கூட்டரசுச் சட்டம் வந்தது. ஃபீனிக்ஸின் பேரன் குடித்தது சட்டம் வந்து பத்து வருஷத்துக்குப் பிறகு. டப்பாவில் எச்சரிக்கை இருந்திருக்கும். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? வெல்டி இதை நினைத்து எழுதினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ‘பள்ளிக்கூடம் போகவில்லை’ என்ற வரியும் லையும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

மருந்தைக் கொடுத்த பிறகு, கிறிஸ்துமஸ் ஆயிற்றே, சில்லறை தரட்டுமா பாட்டி என்று கேட்கிறாள் அந்த ஆபீஸ்காரி. ஃபீனிக்ஸ் விறைப்பாக நின்று, ஐந்து பென்னி சேர்ந்தால் ஒரு நிக்கல் என்கிறாள். ஏற்கெனவே ஐந்து சென்ட் இருக்கிறது, இன்னும் ஐந்து வேண்டும், அவ்வளவுதான். பத்து சென்டுக்குக் காகிதக் காற்றாடி வாங்கிக்கொண்டு போகப்போகிறாள். இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று நம்பவே பேரனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்கிறாள். ஞானிகள் கொண்டுவந்த பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. திருட்டும் பிச்சையும் பாதிப் பாதி சேர்ந்த காணிக்கை என்பதையும் அவர்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

பேரன் உண்மையில் உயிரோடு இருக்கிறானா என்று வாசகர்கள் வெல்டிக்கு ஓயாமல் கடிதம் எழுதினார்கள். 1974இல் அதற்குத் தனிக் கட்டுரையாகவே பதில் எழுதினார். ஃபீனிக்ஸ் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்பது பதிலின் சாரம். அன்பு ஒரு பழக்கமாகிவிட்டால், எதற்காகப் போகிறோம் என்பதே ஒரு கணம் மறந்தாலும் வழி மறக்காது என்று அதில் சொல்கிறார். விடாமுயற்சியை மனவுறுதியாகப் பேசுவதே வழக்கம். வெல்டி அதைக் காலுக்குக் கொடுத்துவிடுகிறார். இந்த வருஷத்துக்கு இன்னொரு நடை, அடுத்த தடவை தொண்டை அடைக்கும்போது மறுபடி ஒன்று. வெற்றி என்று எதுவும் வரப்போவதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். வெல்டி வெள்ளைக்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி உயர் அதிகாரியின் மகள். 1930களில் அரசின் வேலைத்திட்டத்துக்காக மிசிசிப்பி முழுக்கச் சுற்றிக் கறுப்பின மக்களை மரியாதையோடு படம் பிடித்தவர், சரி. இருந்தாலும் தாங்கும் கறுப்புக் கிழவி என்ற உருவம் தெற்கின் வெள்ளை எழுத்துக்கு ரொம்பவும் வசதியாக இருந்தது. தன் நாவல் ஒன்றின் பின்னிணைப்பில் டில்சி என்ற கறுப்பு வேலைக்காரியையும் அவள் மக்களையும் பற்றி தெற்கின் நாவலாசிரியர் ஃபாக்னர் எழுதியது ஒரே வாக்கியம்: அவர்கள் தாங்கினார்கள். யாரை என்பதைப் பேசாமல் பொறுமையைப் பாராட்டுவது எளிது. வெல்டியின் கதை இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. வேட்டைக்காரனின் துப்பாக்கிதான் அதை ஓரளவு காப்பாற்றுகிறது.

ஃபிளானரி ஓ’கானர் என்ற தென் மாநில எழுத்தாளர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். பொறுமையைப் பாராட்ட அவருக்குப் பொறுமை கிடையாது. சீர்திருத்தச் சபைகள் நிறைந்த ஜார்ஜியாவில் கத்தோலிக்கர். லூபஸ் நோயோடு பல வருஷம் போராடி 1964இல் 39 வயதில் இறந்தவர். தெற்கு கிறிஸ்துவை மையமாகக் கொண்டதல்ல, ஆனால் கிறிஸ்து அதை விடாமல் பேயாய்ப் பிடித்திருக்கிறார் என்ற பொருளில் அவர் சொன்னது பிரபலம். கடைசி வருஷத்தில் எழுதிய ‘ரெவலேஷன்’ கதை தொடங்குவதும் ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில்தான். திருமதி டர்பின் உட்கார்ந்தபடி அறையில் இருப்பவர்களைத் தரம் பிரிக்கிறாள்: இவர் நம்மவர், இது வெள்ளைக் குப்பை (ஏழை வெள்ளையருக்கு அங்கே வழங்கிய வசைப்பெயர்), அவர்களுக்கும் கீழே யார். தன்னைக் கறுப்பாகவோ குப்பையாகவோ படைக்காததற்கு இயேசுவுக்கு நன்றி சொல்லி வாய் மூடவில்லை, மேரி கிரேஸ் என்ற கல்லூரிப் பெண் கையிலிருந்த தடிப் புத்தகத்தை அவள் முகத்தில் எறிகிறாள். ‘நீ வந்த நரகத்துக்கே திரும்பிப் போ, கிழட்டுப் பன்றி’ என்று திட்டும் வந்து விழுகிறது. ஓ’கானரின் கிருபை இப்படித்தான் வரும், மண்டையில். மாலையில் பன்றிக்கொட்டிலைக் கழுவிக்கொண்டே கடவுளோடு சண்டை போடும் டர்பினுக்குத் தரிசனம் கிடைக்கிறது: நெருப்பு வழியே பரலோகம் போகும் ஊர்வலத்தில் குப்பைகளும் கறுப்பர்களும் பைத்தியங்களும் முன்னால், அவளைப் போன்ற ஒழுங்கானவர்கள் கடைசியில், அவர்களுடைய நற்குணங்களும் எரிந்துகொண்டிருக்கின்றன. ஃபீனிக்ஸ் முன்வரிசையில் இருப்பாள் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஓ’கானருக்கு அவள் நடை கதையாகத் தோன்றியிருக்காது. கதை எப்போதும் டர்பினுடையது.

எர்னஸ்ட் கெய்ன்ஸ், லூசியானாவின் தோட்டக் குடியிருப்பில் 1933இல் பிறந்த கறுப்பின எழுத்தாளர். அவருடைய ‘த ஸ்கை இஸ் கிரே’ 1963இல் வந்தது. அதற்கு வெல்டியின் கதை ஒரு முன்மாதிரி என்பதை அவரே சொல்லியிருக்கிறார். எட்டு வயது ஜேம்ஸுக்குப் பல்வலி. முதலில் ஊரில் ஒருவரை வைத்து ஜெபம் பண்ணிப் பார்க்கிறார்கள். குணமாகவில்லை. பையன் மனசுக்குள் பாப்டிஸ்ட் ஜெபம் சொல்கிறான் என்று தெரிந்ததும் கத்தோலிக்கரான ஜெபக்காரருக்குக் கோபம்: நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், இவன் இன்னொரு பக்கம் இழுத்தால் வலி எப்படிப் போகும்! கெய்ன்ஸ் மதத்தை எவ்வளவு அன்போடு கிண்டல் செய்வார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு தாயும் மகனும் குளிரில் பஸ் ஏறிப் பல் டாக்டரிடம் போகிறார்கள். அங்கேயும் காத்திருப்பு அறை. எல்லாவற்றையும் கேள்வி கேட்க வேண்டும், கடவுள் உட்பட என்கிறான் ஒரு படித்த இளைஞன். பாதிரியார் எழுந்து அவன் கன்னத்தில் அறைகிறார். ‘மறு கன்னத்தை மறந்துவிட்டீர்கள்’ என்கிறான் அவன். பாதிரியார் அதையும் அறைகிறார். நாத்திகன் மலைப்பிரசங்கத்தை நடத்திக்காட்டுகிறான், பிரசங்கி கை ஓங்குகிறார். வெல்டியின் குறியீடுகள் பாதையோரம் படிந்து கிடக்கின்றன. கெய்ன்ஸ் தன்னுடையதை மேஜைமேல் தூக்கிப் போட்டு விவாதிக்கிறார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1963இல் அப்படித்தான் முடியும்.

மத்தியானம் டாக்டர் அறையை மூடிவிடுகிறார்கள். ஆலங்கட்டியாய்ப் பனி பெய்கிறது. கறுப்பர்கள் நுழையக்கூடிய கடைகள் ஊரின் பின்பக்கம் இருக்கின்றன. அம்மா வழியில் ஒரு வெள்ளைக்காரர் கடைக்குள் புகுந்து, கோடரிக் காம்பு காட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், வாங்கப்போவதில்லை. அவ்வளவு நேரமும் பையன் அடுப்பருகே நின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறான். கடைசியில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி சாப்பாடு போடுகிறார்கள், அதற்குப் பதிலாகக் குப்பைத் தொட்டிகளை எடுத்து வைக்கச் சொல்லி. புறப்படும்போது அம்மா 25 சென்டுக்கு உப்புக்கறி கேட்கிறாள். கடைக்காரப் பாட்டி பெரிய துண்டாக வெட்டிவிடுகிறாள். இது அதிகம், பாதியாக்கினால்தான் வாங்குவேன் என்று அம்மா நின்றுவிடுகிறாள். வெளியே வந்து குளிருக்குக் காலரைத் தூக்கிவிட்ட பையனிடம், ‘நீ நாடோடி இல்லை, ஆம்பளை’ என்று சொல்லி அதை மடித்துவிடுகிறாள்.

ஃபீனிக்ஸ் அந்தக் கறித்துண்டை முழுசாக வாங்கிக்கொண்டிருப்பாள். மீதியில் பேரனுக்கு என்ன வாங்கலாம் என்று கணக்கும் போட்டிருப்பாள். ஜேம்ஸின் அம்மா வளர்த்துக்கொண்டிருப்பது நாளைக்குப் பஸ்ஸின் முன்சீட்டில் உட்காரப்போகும் பையனை. அவளுக்கு ரோஷம் அவசியம். ஃபீனிக்ஸுக்கு அந்த அவகாசம் இல்லை, வீட்டில் ஒருவன் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறான்.